வெற்றிடத்துக்கு ஒரு பெயர்

வத்தளை
23.08.1998

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி யூலியானாவுக்கு,

நானும் உன் மச்சாள் றோஸும் சுகமாக வந்து சேர்ந்தோம். கப்பலில் றோஸுக்கு விடிய விடியச் சத்தி, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. மற்றப்படி குறையொன்றும் இல்லை. மகள் கிறிஸ்ரினாவின் வீட்டில்தான் தங்கியிருக்கிறோம். நீயும் உன் மனுசனும் சுகமாக இருக்க அந்தோனியாரை வேண்டுகிறோம்.

கண் டொக்டரிடம் நாளைக்குப் போகிறேன். பிரதேச சபைச் செயலாளரிடம் மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். யாரும் கேட்டால் கண் என்று சொல். வீட்டைப் பூட்டின திறப்பு உன்னிடம் இருக்கட்டும். பின் யன்னலின் கொக்கி பிடிக்காது, கயிற்றால் கட்டிவிடு.

மரியநாயகத்தாரைக் கண்டால் நான் சேமமாகச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லு. பயணப் பாசும் கப்பலில் இடமும் இரண்டே நாளில் எடுத்துத் தந்தவர் அவர்தான்.

இப்படிக்கு உன் அன்பு அண்ணன்,
அம்புறோஸ்


அந்தோனியார்புரம், ஊர்காவற்றுறை
14.09.1998

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் இருபது நாளில் வந்தது. நாங்கள் சுகம். மச்சாளின் சத்தி நின்றதோ? கிறிஸ்ரினாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கண் என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். "எந்தக் கண்?" என்று கேட்கிறார்கள். இடதா வலதா என்று நீங்கள் எழுதவில்லை. நான் இரண்டும் என்று சொல்லிவிட்டேன். இனி வரும்போது அதற்கேற்ற மாதிரி வாருங்கள்.

இங்கே தண்ணீர்தான் கதை. சபையின் தண்ணீர்ப் பவுசர் இன்னும் மரியநாயகத்தார் மீன் வாங்குகிற ஐஸ் வாடிக்கு முன்னால்தான் நிற்கிறது. அவருக்கு மீன் கொடுக்கிற வீட்டுக்கு நாலு பிளாஸ்ரிக் கான் தண்ணீர். சந்தைக்கு நேரே கொண்டுபோகிற வீட்டுக்கு, "முடிஞ்சுது பிள்ளை, நாளைக்கு வாரும்." போன கிழமை நான் வெறும் கானோடு இரண்டு தரம் திரும்பி வந்தேன். என் மனுசன் பிடித்த ஓரா மீனை நான் சந்தையில் விற்றதற்கு அது தண்டனை.

பவுசரைக் கோயிலடிக்குக் கொண்டு வருவேன் என்று சொல்லித்தானே தை மாத எலெக்சனில் கேட்டீர்கள். அதற்குத்தானே எங்கள் சுயேட்சைக் குழுவுக்கு ஊர் சபையில் ஒரு கதிரை தந்தது. நீங்கள் போன கூட்டங்களில் அந்தக் கதையை எடுத்தீர்களோ என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

அன்புத் தங்கச்சி,
யூலியானா


வத்தளை
20.10.1998

அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். பேரப்பிள்ளைக்கு அம்மை போட்டு ஆறிவிட்டது. உன் மனுசனுடைய முழங்கால் நோவு எப்படி? வேப்பெண்ணெய் பூசச் சொல்.

இங்கே மழை. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதில் சிறு மீன்கள் வருகின்றன. ஒருவரும் பிடிப்பதில்லை. நான் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆடு குட்டி போட்டதோ?

அண்ணன்,
அம்புறோஸ்


அந்தோனியார்புரம்
09.11.1998

அண்ணைக்கு,

சுகம். முழங்கால் அப்படியே. ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கும் உங்கள் கடிதத்தில் மறுமொழி இல்லை. கண்ணைப் பற்றிக்கூட இல்லை. ஆனால் மறுமொழி எனக்கு வேறு இடத்தில் கிடைத்தது. ஐஸ் வாடியில் எட்டுப் பேர் நிற்க மரியநாயகத்தார் சொன்னார்: "உம்மட கொண்ணர் இனி வரமாட்டார் யூலியானா. கதிரையை எனக்கெண்டு வாக்குத் தந்திட்டுத்தான் கப்பல் ஏறினவர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்தநாளே பஸ் ஏறிச் சபைக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருக்கிற கிளாக்கர் பொடியன் நல்லவன். கதிரை போட்டு இருத்தி விளங்கப்படுத்தினான். "இதுக்கு இன்னொரு எலெக்சன் வைக்கிறேல்லை அக்கா. உறுப்பினர் விலகினால் தேர்தல் கந்தோர் குழுத் தலைவருக்குக் கடிதம் போடும். அவர் குறிச்ச திகதிக்குள்ள ஒரு பேரை எழுதிக் குடுக்கவேணும். ஆற்ற பேரை எழுதுறாரோ அவர்தான் உறுப்பினர். எழுதாமல் விட்டால், அதே பட்டியலில அடுத்ததாக் கூடின விருப்பு வாக்கு எடுத்தவருக்குப் போகும்."

அடுத்ததாகக் கூடின வாக்கு எடுத்தவர் ஆர்? எங்கள் பட்டியலிலேயே நின்ற மரியநாயகத்தார். குழுத் தலைவர் ஆர்? நீங்கள். ஆக, விலகிவிட்டு நீங்கள் சும்மா இருந்தாலே அவருக்குக் கதிரை. அதுதான் வாய்க்காலில் மீன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களோ?

அண்ணை, நேரே கேட்கிறேன். அந்தக் கதிரையை எனக்குத் தாருங்கள். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. "ஆள் காணாது, உன்ர பேரையும் போடுறன், பயப்பிடாதை, நீ வெல்லமாட்டாய்" என்று சொல்லித்தான் போட்டீர்கள். நான் வெல்லவுமில்லை. முப்பத்தேழு வாக்கு. வீடு வீடாகப் போய் அண்ணைக்குப் போடுங்கோ என்று சொன்னவளுக்கு அவ்வளவுதான் விழும். ஆனால் அந்த வீடுகளில் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரிகிற மாதிரி உங்கள் பட்டியலில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

மறுமொழி எழுதுங்கள்.

யூலியானா


அந்தோனியார்புரம்
12.12.1998

அண்ணைக்கு,

ஒரு மாதம் கடந்துவிட்டது. தபால்காரத் தம்பையாண்ணை என்னைக் கண்டால் இப்போது சைக்கிளை மற்ற ஒழுங்கையால் விடுகிறார்.

சுகமோ? சுகமென்றாவது எழுதலாம்தானே.

யூலியானா


வத்தளை
16.12.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தார் வாழ்த்துக்கள். நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எழுத நேரம் வரவில்லை.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று சபைச் செயலாளருக்கு என் விலகல் கடிதம், கொடுத்துவிடு. மற்றது தேர்தல் கந்தோருக்கு. கையெழுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதவேண்டிய இடத்தை விட்டிருக்கிறேன். கந்தோர்க் கடிதம் வந்ததும் நிரப்பிக் கொடுக்கலாம். ஆர் நிரப்புகிறது, எப்படி நிரப்புகிறது என்பதை நான் கேட்கமாட்டேன். மரியநாயகத்தார் என்னைக் கேட்டாலும் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை என்று சத்தியமாகச் சொல்லலாம்.

பலகாரம் சுடுகிறாயோ? றோஸ் உன் பயத்தம் உருண்டையை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்,
அம்புறோஸ்


அந்தோனியார்புரம்
02.01.1999

அன்புள்ள அண்ணைக்கு,

புதுவருசம் உங்களுக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் சுகத்தைக் கொண்டு வரட்டும்.

விலகல் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றத் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் எழுதவில்லை.

பொய் சொல்லமாட்டேன், எழுதப் பார்த்தேன். புதுவருசப் பூசை முடிந்து வந்து, குசினி மேசையில் அந்தத் தாளை வைத்து, பேனையைத் திறந்து, "யூ" வரைக்கும் கை போனது. இவர் பார்த்துக்கொண்டு நின்றவர், "எழுதன், ஆருக்குத் தெரியப்போகுது" என்றார். எனக்குத் தெரியுமே.

அண்ணை, எங்கள் கரையில் பாடு எப்படிக் கைமாறுகிறது என்று உங்களுக்கு மறந்துபோய்விட்டதோ? அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு, கரைவலை இழுக்கிற முறையை ஆளாளுக்கு நாள் பிரிக்கிறோம். தன் பாட்டு நாளில் ஒருவனுக்கு ஏலாவிட்டால், அவன் கரைக்கு வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டும்: "என்ர பாட்டை இன்னாருக்குக் குடுக்கிறன். கயிறு அவன்ர கையில." நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக, நான் கண்டேன், நானே சாட்சி என்ற கருத்தில் "கண்டனான்" என்று சொல்லவேண்டும். கண்டனான் சொல்லாதவனுடைய வலைக்கு அந்த வருசம் ஒருவரும் கை கொடுக்கமாட்டார்கள். எங்களைப் பெற்ற அப்பு நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது பாயோடு தூக்கிக்கொண்டுபோய்த்தானே கரையில் வைத்தோம்? பேச ஏலாமல் கிடந்த மனுசன் சித்தப்பாவின் பெயரை வாயால் சொன்ன பிறகுதானே கண்ணை மூடினார்? நீங்கள் தலைமாட்டில் நின்றீர்கள், நான் கால்மாட்டில்.

கயிற்றை மணலில் போட்டுவிட்டு, எடுக்கிறவன் எடுக்கட்டும் என்று போனவன் எங்கள் குடும்பத்தில் இல்லை. நீங்கள் எழுதாத பெயரை நான் எழுதினால் அது எனக்குக் களவெடுத்த கதிரை. அதில் இருந்துகொண்டு நான் ஆரிடம் நியாயம் கேட்கிறது?

என் பெயரை எழுதுங்கள். அல்லது மரியநாயகத்தாரின் பெயரை எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
யூலியானா


அந்தோனியார்புரம்
19.01.1999

அண்ணைக்கு,

அவசரம், அதனால் சுகம் விசாரிப்பு அடுத்த கடிதத்தில்.

தேர்தல் கந்தோரில் இருந்து உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்துவிட்டது. பட்டியலில் கொடுத்த விலாசம் இங்கத்தையது என்பதால் தம்பையாண்ணை என்னிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். கடைசித் திகதி பெப்ரவரி 15, திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணி. கடிதத்தை இத்துடன் வைத்து, நாளைக்குக் கப்பலேறுகிற கன்னியாஸ்திரி அம்மாவிடம் கையில் கொடுத்து விடுகிறேன்.

மரியநாயகத்தார் புது வேட்டி எடுத்துவிட்டார். பதவி ஏற்கவாம். பவுசர் முந்தநாள் வந்தபோது எங்கள் ஒழுங்கைக்கு ஒரு சொட்டும் இல்லை. பிரியாவிடை போல இருக்கிறது.

யூலியானா


வத்தளை
01.02.1999

யூலியானாவுக்கு,

என் கண்ணில் ஒன்றும் இல்லை. இரண்டும் நல்லாய் இருக்கின்றன.

ஆவணி மாதம் எங்கள் வாசல் படலைக்குள் ஒரு தாள் கிடந்தது. இரண்டு வரி. சபைக்கு இனிப் போகாதே என்று. ஆர் போட்டதென்று இன்றுவரை தெரியாது. றோஸுக்குக்கூடக் காட்டவில்லை. மரியநாயகத்தாரிடம் மட்டும் காட்டினேன். அந்த மனுசன் வேறொன்றும் கேட்காமல் பாஸ் எடுத்துத் தந்தார். கப்பலில் ஏறுமுன்தான் கதிரையைப் பற்றிக் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் வீட்டைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

நான் பயந்து ஓடிவந்தவன். நான் விட்டுவிட்டு ஓடிவந்த கதிரையில் என் தங்கச்சியை இருத்த எனக்கு மனம் வரவில்லை. அதுதான் பெயர் எழுதாமல் விட்ட காரணம். அவருக்குக் கொடுத்த வாக்கு இரண்டாவது காரணம்தான்.

அப்புவின் தலைமாட்டில் நின்றதை எனக்கு ஏன் எழுதினாய்? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதவேண்டியதை எழுதித் தேர்தல் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். ஆருடைய பெயர் என்று இதில் சொல்லமாட்டேன். வழியில் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

கவனமாக இரு.

அம்புறோஸ்


அந்தோனியார்புரம்
16.02.1999

அன்புள்ள அண்ணைக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்ல சுகத்தோடு காணட்டும். மச்சாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசித்துப்போட்டு அழுதேன். பயம் என்று எழுதினதற்கு உங்களை ஒருவரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அண்ணை, வெறும் கானோடு திரும்பி நடந்து நடந்து எனக்கு அந்தப் பயம் பழகிவிட்டது.

நேற்று விடியப் பஸ் ஏறினேன். மரியநாயகத்தாரும் அதே பஸ். "சும்மா மினக்கெட்டு வாறீர் யூலியானா" என்று சொல்லி யன்னல் பக்கத்து இடத்தை எனக்குத் தந்தார். அல்லைப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஒருதரம் இறக்கி ஏற்றினார்கள், பண்ணையில் இன்னொருதரம். கந்தோருக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி. நாலு மணி வரைக்கும் ஒரே வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். அவர் கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒன்றை எனக்குத் தந்தார். பசியில் வாங்கித் தின்றேன், சொல்லிவிடுகிறேன்.

நாலு மணிக்கு அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். மேசையில் உங்கள் பதிவுக் கடிதம் உடைக்காமல் இருந்தது. கப்பல் தபாலில் அன்று மத்தியானம்தான் வந்ததாம். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உடைத்து, சட்டப்படி எழுதிய பகுதியை வாசித்தார். வெற்றிடமான இடத்துக்கு அந்தோனியார்புரத்தைச் சேர்ந்த யூலியானாவை நியமிக்கிறேன் என்று. பிறகு கண்ணாடியை மேலே தூக்கி, "இதில கீழ வேறை ஏதோ எழுதியிருக்கு. எனக்கு விளங்கேல்லை" என்று சொல்லி வாசித்தார்:

"என்ர பாட்டை என்ர தங்கச்சி யூலியானாவுக்குக் குடுக்கிறன். கயிறு அவளின்ர கையில."

"இதென்ன கயிறு?" என்று கேட்டார். நான் குனிந்து உங்கள் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரியநாயகத்தார்தான் எழும்பினார். வாக்குத் தந்தவர் என்று சண்டை பிடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கண்டனான்."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆட்சேபணை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். "கரையில பாடு சொல்லியாச்சு ஐயா. இனி என்ன ஆட்சேபணை?" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லில் அவர் மேலிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மற்றப் பாதியைத் தண்ணீருக்காக வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முன்னுக்கு இருந்தார். நான் பின்னுக்கு இருந்து, ஒருவருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் தங்கச்சி,
யூலியானா
(பிரதேச சபை உறுப்பினர். ஒருதரம் எழுதிப் பார்க்க ஆசை.)


அந்தோனியார்புரம்
30.03.1999

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இவரின் முழங்கால்கூடச் சுகம். ஏனென்று கேளுங்கள்.

முதல் கூட்டத்தில் பவுசர் கதையை எடுத்தேன். தவிசாளர் சொன்னார், "கோயிலடி ஒழுங்கை மணல் அம்மா. பவுசர் புதையும்." நான் கேட்டேன், "மணல் இல்லாட்டி விடுவியளோ?" எல்லோரும் சிரித்துக்கொண்டு ஓம் என்றார்கள். நான், "அந்த ஓமை எழுதுங்கோ" என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் எழுதிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சொன்னேன். திங்கள் தொடக்கம் ஊர்ப் பெண்களெல்லாம் இறங்கினோம். இடிந்த மதில்களின் முருகைக்கல்லைச் சுமந்து வந்து உடைத்து, ஒழுங்கை முழுக்கப் பரப்பி, மேலே பனையோலை போட்டு மிதித்தோம். இரண்டாம் நாள் ஆம்பிளைகளும் வெட்கத்தில் வந்தார்கள். முழங்கால் நோவுக்காரரும் வந்தார். பன்னிரண்டு நாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பவுசர் ஐஸ் வாடியைத் தாண்டியது. நிற்கவில்லை அண்ணை. ஹோண் அடித்துக்கொண்டு தாண்டியது. எங்கள் ஒழுங்கையில் திரும்பினபோது எல்லோரும் சில்லையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தோம். பின் சில்லு ஒரு இடத்தில் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஏறிக்கொண்டது. கோயில் மணியை ஆரோ அடித்தார்கள், ஆரென்று இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லோருக்கும் ஒரே வரிசை, ஆளுக்கு மூன்று கான். பதினோராவது ஆளாக மரியநாயகத்தாரின் மனுசி நின்றா. மூன்று கான் அவவுக்கும். நான் கடைசி. என் முறை வரும்போதும் தண்ணீர் இருந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று இருந்தேன். கடைசி ஆளுக்கும் இருந்தது.

படலைக்குள் தாள் ஒன்றும் இதுவரை விழவில்லை. விழுந்தால் கூட்டத்தில் வாசிப்பேன்.

யூலியானா


வத்தளை
20.04.1999

யேசு மரி சூசை துணை

கனம் உறுப்பினர் யூலியானா அவர்களுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் பத்துத் தரமாவது வாசித்திருப்போம். றோஸ் கடைசி ஆளின் இடம் வரும்போதெல்லாம் நிற்பாட்டி, "திருப்பி வாசியுங்கோ" என்கிறாள்.

பாசுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தமுறை நானே போய் வரிசையில் நின்றேன். வைகாசிக் கப்பலில் இடம் கிடைக்கலாம் என்கிறார்கள். பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் வருகிறேன். எனக்கும் மூன்று கான் தேடி வை, வந்தால் நானும் வரிசையில்தான் நிற்பேன்.

அன்றைக்கு அந்தக் கந்தோரில் நிற்கவேண்டியவன் நான். நிற்கவில்லை. ஆனபடியால் இதை எழுத்தில் தருகிறேன், உன் கையில் வைத்துக்கொள்.

கண்டனான்.

உன் அண்ணன்,
அம்புறோஸ்